மரத்தரையில் விழும் வெளிச்சம்: இம்ப்ரஷனிசம் புரிய ஓர் ஓவியம்

ஒரு பெரிய அறை. மேசை, நாற்காலி எதுவும் இல்லை. எதிரே பால்கனிக் கதவு, அதற்கு வெளியே கொடிபோல் வளைந்து நெளியும் இரும்புக் கிராதி. அந்தக் கதவு வழியே பகல் வெளிச்சம் உள்ளே வந்து மரத்தரை முழுக்கப் படர்ந்திருக்கிறது. தரையில் மூன்று ஆட்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். மூவருக்கும் இடுப்புக்கு மேல் துணி இல்லை. இரண்டு பேர் கைகளை முன்னால் நீட்டி, உடம்பின் கனத்தையெல்லாம் கருவியின் மேல் இறக்கி வேலை செய்கிறார்கள். அவர்களின் தலைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. வேலைக்கு நடுவே ஏதோ பேச்சு ஓடுகிறது. இடது பக்கம் இருக்கும் மூன்றாமவர் ஏதோ ஒரு கருவியை எடுக்கக் கையை எட்டி நீட்டுகிறார். சுற்றிலும் மரச்சுருள்கள். வலது ஓரத்தில் ஒரு மதுப்புட்டி, பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர்.

இவ்வளவுதான் படம். கதை கிடையாது, கடவுள் கிடையாது, போர் கிடையாது. குஸ்தாவ் கய்போத் என்ற பிரெஞ்சு ஓவியர் 1875இல், 26 வயதில், இதைப் பாரிஸில் வரைந்தார். எண்ணெய் வண்ண ஓவியம். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். பிரெஞ்சில் இதன் தலைப்பில் வரும் சொல்லுக்கு வேர் 'ரபோ', அதாவது நம் தச்சர்கள் கையில் இருக்கும் இழைப்புளி. ஆகவே 'தரை இழைப்பவர்கள்' என்று சொல்வது சரியாக இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் பிறந்த ஓவிய இயக்கமான இம்ப்ரஷனிசம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மோனே என்ற ஓவியரின் அல்லிக் குளம். மங்கலான பூக்கள், கிட்டே போனால் வண்ணத் திட்டுகள், தள்ளி நின்றால் குளம். அதனால் 'தெளிவில்லாமல் வரைந்தால் அது இம்ப்ரஷனிசம்' என்ற எண்ணம் பரவிவிட்டது. புதிதாக ஓவியம் பார்க்கத் தொடங்குபவர்களை நான் அல்லிக் குளத்திலிருந்து தொடங்கச் சொல்வதில்லை. இந்த மூன்று தொழிலாளர்களிடமிருந்து தொடங்கினால் விஷயம் இன்னும் நேராகப் பிடிபடும். ஏனென்றால் இந்தப் படத்தில் மங்கல் எதுவும் இல்லை. கிராதியின் ஒவ்வொரு வளைவும், பலகைகளின் ஒவ்வொரு இடைவெளியும் தெரிகிறது. அப்படியும் இது இம்ப்ரஷனிஸ்டுகளின் கண்காட்சியில்தான் மாட்டப்பட்டது. ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் அந்த இயக்கம் எதற்காகப் பிறந்தது என்பதே விளங்கிவிடும்.

முதலில் அந்தக் காலத்துப் பாரிஸைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஓர் ஓவியருக்குப் பேரும் பிழைப்பும் கிடைக்க வேண்டுமென்றால் ஒரே வாசல்தான் இருந்தது. அரசின் ஆதரவோடு நடக்கும் 'சலோன்' என்ற பெரிய கண்காட்சி. எந்தப் படம் உள்ளே வரலாம், எது கூடாது என்பதை ஒரு தேர்வுக் குழு முடிவு செய்யும். அந்தக் குழுவுக்கு ஓவியங்களில் மேல்தட்டு, கீழ்த்தட்டு எல்லாம் உண்டு. புராணமும் வரலாறும் உச்சியில். அன்றாட வாழ்க்கை, நிலக்காட்சி, பழம் காய்கறி இதெல்லாம் அடியில். வரையும் முறைக்கும் சட்டம் உண்டு. ஓவியம் பளிங்குபோல் வழவழவென்று முடிந்திருக்க வேண்டும், தூரிகை போன தடமே தெரியக் கூடாது.

உடம்பைத் துணியில்லாமல் வரைவதில் அவர்களுக்கு எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை. 1863 சலோனில் அலெக்ஸாந்த்ர் கபானெல் என்பவர் கடல் அலைமேல் படுத்திருக்கும் வீனஸ் தேவதையை முழு நிர்வாணமாக வரைந்து வைத்தார். பேரரசர் மூன்றாம் நெப்போலியனே அதை விலைகொடுத்து வாங்கினார். பன்னிரண்டு வருஷம் கழித்து கய்போத்தின் படம் அதே சலோனுக்குப் போனது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிரேக்கக் கடவுளின் வெற்றுடம்பு கலை, தரை இழைக்கும் ஆளின் வெற்று முதுகு மட்டும் ஆகாது. இத்தனைக்கும் கய்போத் வரையக் கற்றுக்கொண்டது லெயோன் போனா என்ற பழைய பள்ளி ஓவியரிடம்தான். உடற்கூறு, ஒளி நிழல், கோணம் எதிலும் அவரிடம் குறை சொல்ல இடமில்லை. குறை சொல்லப்பட்டது பொருளில். இப்படி ஒரு காட்சியை யாராவது வரைவார்களா என்பதுதான் அவர்களின் கேள்வி.

இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1874 ஏப்ரலில், சலோன் வேண்டவே வேண்டாம் என்று ஓவியர்கள் சிலர் சேர்ந்து சொந்தமாகக் கண்காட்சி நடத்தியிருந்தார்கள். மோனே, ரெனுவார், பிஸாரோ, தெகா, பெர்த் மொரிஸோ எல்லாம் அதில் இருந்தார்கள். இடம், புகைப்படக் கலைஞர் நாதாரின் பழைய ஸ்டூடியோ. அங்கே மோனே வைத்த படங்களில் ஒன்று லெ ஆவ்ர் துறைமுகத்தில் மூடுபனிக்கு நடுவே சூரியன் எழும் காட்சி. அதற்கு 'இம்ப்ரஷன், சூரிய உதயம்' என்று பேர் வைத்திருந்தார். லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, 'இம்ப்ரஷனிஸ்டுகளின் கண்காட்சி' என்று கேலியாக ஒரு கட்டுரை எழுதினார். கேலிப் பெயரே நிலைத்துவிட்டது. இம்ப்ரஷன் என்றால் பார்த்த மாத்திரத்தில் மனசில் பதிவது. யோசித்து, திருத்தி, அலங்கரித்து எடுப்பது அல்ல. கண்ணில் பட்ட அந்த நொடியில் உள்ளே விழும் அச்சு.

சரி, அப்படி என்னதான் புதிதாகச் செய்தார்கள்? ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரை வேப்பமர நிழலில் நிற்கச் சொல்லுங்கள். சட்டை என்ன நிறம் என்று கேட்டால் வெள்ளை என்றுதான் சொல்வோம். கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, சட்டை என்பதை மறந்துவிட்டு, நிறத்தை மட்டும் பாருங்கள். ஒரு பக்கம் இலைகளின் பச்சை ஏறியிருக்கும். மடிப்புகளில் நீலம் தெரியும். இலைகளுக்கு நடுவே வெயில் ஒழுகி விழுந்த இடம் மட்டும் மஞ்சளாகக் கொதிக்கும். உண்மையில் வெள்ளை என்று ஒரு இடமும் இருக்காது. சட்டை வெள்ளை என்பது நமக்குத் தெரிந்த செய்தி. கண் பார்ப்பது வேறு. இம்ப்ரஷனிஸ்டுகள் தெரிந்ததைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்ததை வரைந்தார்கள். நிழல் என்றால் கறுப்பைக் குழைத்துப் பூசுவது என்ற பழைய பழக்கத்தை விட்டார்கள். நிழலுக்கும் நிறம் உண்டு என்று கண்டு, நீலமும் ஊதாவும் வைத்தார்கள்.

இன்னொன்று, வெளிச்சம் நிற்காது. காலை பத்து மணிக்கு இருந்த நிறம் பதினொன்றுக்கு இருக்காது. அதைப் பிடிக்க வேண்டுமானால் வேகமாக வரைய வேண்டும், தூரிகைத் தடத்தை அழித்து வழவழப்பாக்க நேரம் இருக்காது. அதனால்தான் பல படங்களில் திட்டுத் திட்டாக வண்ணம். மங்கலாக வரைய வேண்டும் என்ற ஆசையில் அப்படிச் செய்யவில்லை. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணத்தை அடைத்துவைக்கத் தகரக் குழாயைக் கண்டுபிடித்ததும் இவர்களுக்குப் பெரிய உதவி. அதற்கு முன்னால் வண்ணத்தை அரைத்துக் குழைத்து, பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். குழாய் வந்த பிறகு பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி ஆற்றங்கரைக்கே போய் உட்கார்ந்து வரைய முடிந்தது.

இப்போது மறுபடியும் அந்த மூன்று பேரிடம் வருவோம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பின்னாலிருந்து. வழக்கமாக ஓவியர்கள் மனிதர்களின் முகத்தில் வெளிச்சம் விழும்படி நிறுத்துவார்கள். இங்கே கதவு அவர்களுக்குப் பின்னால் இருக்கிறது. முகங்கள் குனிந்து நிழலுக்குள் போய்விட்டன. வெளிச்சம் விழுவது தோளின் மேல், முதுகின் வளைவில், நீட்டிய கைகளின் மேல் விளிம்பில். அந்தத் தோலின் நிறத்தைக் கூர்ந்து பார்த்தால் சந்தனமும் பழுப்பும் மட்டும் இல்லை, வெளிவானத்தின் நீலச் சாம்பலும் அங்கங்கே ஒட்டியிருக்கிறது.

தரைதான் இந்தப் படத்தின் உயிர் என்பேன். படத்தில் பாதிக்கு மேல் தரையே. கரும்பழுப்பும் வெளிர்நிறமுமாக மாறிமாறி நீளப் பட்டைகள். கரும்பட்டை இன்னும் இழைக்காத இடம். பழைய பூச்சின் பளபளப்பு அதில் அப்படியே இருக்கிறது, அதனால் கதவின் வெளிச்சம் அதன்மேல் ஈரம்போல் மினுங்குகிறது. வெளிர்பட்டை இழைத்த இடம். அது மினுங்கவில்லை, வெளிச்சத்தை உறிஞ்சிக்கொண்டு மங்கலாகக் கிடக்கிறது. ஒரே பலகை, ஒரே வெளிச்சம். ஆனால் கருவி போன இடமும் போகாத இடமும் ஒளியை வேறு வேறு விதமாக வாங்குகின்றன. உழைப்பு எதுவரை வந்திருக்கிறது என்பதை கய்போத் வெளிச்சத்தை வைத்தே சொல்லிவிடுகிறார். எத்தனை தடவை பார்த்தாலும் என்னை நிறுத்திவைக்கும் இடம் இதுதான்.

மரச்சுருளையும் விட்டுவிடாதீர்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் கதவு செய்ய ஒரு ஆசாரி பத்து நாள் வந்து போனார். இழைப்புளி ஒரு தடவை முன்னே போய் வந்தால் அதன் வாயிலிருந்து ஒரு சுருள் எழும்பும். நல்ல கையாக இருந்தால் சுருள் அறுபடாமல் நீளமாக வரும், கை தயங்கினால் துண்டு துண்டாக உதிரும் என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. அந்தச் சுருளை வெயிலில் பிடித்துப் பார்த்தால் உள்ளே வெளிச்சம் புகுந்து தேன் நிறத்தில் தெரியும். கய்போத் தரையில் சிதறவிட்டிருக்கும் சுருள்கள் அப்படித்தான் இருக்கின்றன. இரண்டு மூன்று தூரிகைக் கோடுதான், ஆனால் மெலிசும் சுருளும் தெரிகிறது. பக்கத்தில் நின்று பார்க்காதவரால் இதை வரைய முடியாது.

பார்க்கும் கோணமும் புதுசு. நாம் அந்த அறையில் நின்றுகொண்டு, மண்டியிட்டிருப்பவர்களைக் கீழே பார்க்கிறோம். கூரை தெரியாது. தரை நம் பக்கம் சாய்ந்து ஏறி வருவதுபோல் இருக்கும். பழைய ஓவியங்களில் எல்லாம் மேடை நாடகம் மாதிரி நேராக, நடுவாக அமைந்திருக்கும். இங்கே வழியில் போனவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது போன்ற கோணம். ஜப்பானிலிருந்து அந்தக் காலத்தில் பாரிஸுக்கு வந்து குவிந்த மர அச்சுப் படங்களும், புகைப்படமும் இப்படிப் பார்க்க அந்தத் தலைமுறை ஓவியர்களைப் பழக்கியிருந்தன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். வேகமாக, கண்ணெதிரே பார்த்தபடி வரைவது இம்ப்ரஷனிசம் என்றால் இது எப்படி அதில் சேரும்? கய்போத் இதற்காக கைகள், உடம்பின் நிலைகள் என்று தனித்தனியாகப் பென்சில் படங்கள் வரைந்து பார்த்து, கட்டம் போட்டு, அளவெடுத்து ஓவியத் துணிக்கு மாற்றினார். முறையில் பார்த்தால் அவர் பழைய பள்ளிக்காரர்தான். இதை யதார்த்த ஓவியம் என்று சொல்பவர்களும் உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் இம்ப்ரஷனிசத்தை வெறும் தூரிகை வேகமாகக் குறுக்கக் கூடாது என்பது என் எண்ணம். தன் காலத்தை வரைவது, தன் ஊரை வரைவது, எது கண்ணில் படுகிறதோ அதைத் தகுதி பார்க்காமல் வரைவது, எல்லாவற்றையும் வெளிச்சத்தின் வழியே பார்ப்பது. இந்த நான்கும் இந்தப் படத்தில் இருக்கின்றன.

அதே 1875இல் மோனே வரைந்த ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்தால் இது நன்றாக விளங்கும். அஸ்னியேர் என்ற இடத்தில் சேன் ஆற்றங்கரை. படகுகளிலிருந்து கரைக்கு ஒடுக்கமான பலகைகள் போட்டிருக்கிறார்கள். அவற்றின்மேல் கூலியாட்கள் நிலக்கரிக் கூடையைச் சுமந்து வரிசையாக ஏறுகிறார்கள், காலிக் கூடையோடு இறங்குகிறார்கள். மேலே பாலம். முகம் எதுவும் தெரியாது. மங்கிய பச்சைச் சாம்பல் வெளிச்சத்தில் இருண்ட உருவங்கள், எறும்புச் சாரி மாதிரி ஒரே இடைவெளியில். மோனே அர்ஜான்தய் ஊரில் குடியிருந்தபோது பாரிஸுக்கு ரயிலில் போய்வந்த வழி அது. மோனே தூரத்திலிருந்து ஒரு அசைவைப் பிடித்தார். கய்போத் மூன்றடி தள்ளி நின்று தசையின் இறுக்கத்தைப் பிடித்தார். பத்து வருஷம் கழித்து தெகா சலவைப் பெண்களை வரைந்தார். ஒருத்தி இரண்டு கையாலும் இஸ்திரிப் பெட்டியை அழுத்துகிறாள், இன்னொருத்தி கையில் புட்டியோடு வாய் நிறையக் கொட்டாவி விடுகிறாள். மூன்றும் மூன்று விதமான கை. மூன்றுமே இன்று பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

உழைப்பவர்களை வரைந்தது இவர்கள்தான் முதல் என்று சொல்ல மாட்டேன். 1849இல் கூர்பே கல் உடைப்பவர்களை வரைந்தார். 1857இல் மில்லே, அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை வரைந்தார். ஆனால் அவையெல்லாம் வயல், கிராமத்துச் சாலை. நகரத்துக்குள், ஒரு வசதியான வீட்டின் அறைக்குள் கூலிவேலை செய்பவரை யாரும் அவ்வளவாக வரைந்ததில்லை. மில்லேயின் பெண்களிடம் ஒரு சோகமான கம்பீரம் இருக்கும். கய்போத் இரக்கமும் கேட்கவில்லை, புகழ் மாலையும் போடவில்லை. இவர்கள் வேலையில் இருக்கிறார்கள், அவ்வளவே.

அந்த வேலை ஏன் அந்தக் காலத்தில் பாரிஸில் நிறைய இருந்தது என்பதற்கும் காரணம் உண்டு. 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் என்ற நிர்வாகியின் தலைமையில் பழைய பாரிஸை இடித்து, அகலச் சாலைகள் போட்டு, இரண்டு பக்கமும் உயரமான புதுக் கட்டடங்களை எழுப்பினார்கள். அந்த வீடுகளில் மரத்தரை, வெண்ணிறச் சுவர்ச்சட்டம், தங்கக் கோடு, இரும்புக் கிராதி. படத்தில் பார்க்கும் அறை அப்படிப்பட்டதுதான். கய்போத்தின் அப்பா ராணுவத்துக்குப் படுக்கைத் துணி விற்றுப் பணக்காரரானவர். மிரோமெனில் தெருவில் அவர்களுக்குப் பெரிய வீடு. படத்தில் இருப்பது அந்த வீட்டின் அறை என்றே பொதுவாகச் சொல்கிறார்கள்.

அப்படியானால் வரைந்தவர் வீட்டுக்காரர், வரையப்பட்டவர்கள் அவர் வீட்டுக்குக் கூலிக்கு வந்தவர்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. மேலிருந்து கீழே பார்க்கும் அந்தக் கோணத்தில் இந்த வித்தியாசமும் கலந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் அவர் அவர்களை அழகுக்காகச் சதைப்பிடிப்பாக்கவில்லை. மெலிந்த கை, எலும்பு தெரியும் தோள், வேலையில் முறுக்கேறிய நரம்பு. அவர்களுக்கு வேலை தெரியும் என்பதை ஒவ்வொரு மூட்டின் வளைவிலும் காட்டியிருக்கிறார். இரண்டு பேர் பேசிக்கொண்டே வேலை செய்வதை வரைந்ததும் பெரிய விஷயம். இழைப்பதற்காக மட்டும் பிறந்த இயந்திரங்களாக அவர்கள் இல்லை, பேசுவதற்கு அவர்களிடம் ஏதோ இருக்கிறது.

சலோன் திருப்பி அனுப்பிய மறுவருஷம், 1876இல், ரெனுவார் முதலியவர்கள் கய்போத்தைத் தங்கள் இரண்டாவது கண்காட்சிக்கு அழைத்தார்கள். துரான்-ருயேல் என்ற ஓவிய வணிகரின் கூடத்தில் நடந்தது. கய்போத் இந்தப் படத்தையும், இதே பொருளில் வரைந்த சின்னதான இன்னொன்றையும் வைத்தார். அந்த இரண்டாவதில் ஒருவர் மண்டியிட்டு இழைக்கிறார், பின்னால் ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். விமர்சனம் கடுமையாக வந்தது. ஆல்பெர் வோல்ஃப் என்பவர், ஃபிகாரோ நாளிதழில், ஐந்தாறு பைத்தியங்கள் கூடி நடத்தும் கண்காட்சி என்றே எழுதினார். எமில் ஸோலாவுக்கும் படம் பிடிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். தொழிலாளர் வாழ்க்கையை நாவல்களில் கொண்டுவந்தவர் அவர். கண்ணாடிபோல் துல்லியமாக இருக்கிறது, ஆனால் உள்ளதை அப்படியே புகைப்படம் எடுத்ததுபோல் நகலெடுப்பது கலைக்கு எதிரானது என்ற பொருளில் எழுதினார். அந்தக் கரும்பட்டையின் மினுக்கத்தை அவர் நின்று பார்த்திருந்தால் நகல் என்று சொல்லியிருப்பாரா என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

அதே வருஷம் நவம்பரில் கய்போத்தின் தம்பி ரெனே இருபத்தாறு வயதுக்குள் இறந்துபோனார். தனக்கும் ஆயுள் குறைவு என்று பயந்த கய்போத், 28 வயதில் உயில் எழுதினார். இம்ப்ரஷனிஸ்டுகளின் அடுத்த கண்காட்சிக்குப் பணம் ஒதுக்கினார். நண்பர்களிடம் தான் விலைக்கு வாங்கியிருந்த படங்களை அரசுக்கு எழுதிவைத்தார். அவற்றைப் பரணில் போடக் கூடாது, வெளியூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பவும் கூடாது, பாரிஸில் இருக்கும் லக்ஸம்பர்க் அருங்காட்சியகத்தில் வைத்துப் பிறகு லூவ்ருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது நிபந்தனை. மோனேக்கு வாடகை கட்டியவரும் இவர்தான். 1894இல், 45 வயதில் அவர் இறந்தபோது அந்தச் சேகரிப்பில் அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. ஜெரோம் போன்ற பழைய பள்ளி ஓவியர்கள் கூச்சல் போட்டார்கள். அரசு இழுத்தடித்து, கடைசியில் நாற்பது படங்கள் அளவுக்கு ஏற்றுக்கொண்டது.

கொடுத்த அந்தப் பட்டியலில் கய்போத் தன் ஓவியம் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. தரை இழைப்பவர்கள் படத்தைக் குடும்பத்தார்தான், உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்த ரெனுவார் மூலமாக, அரசுக்குக் கொடுத்தார்கள். பிழைப்புக்காகப் படம் விற்க வேண்டிய நிலை கய்போத்துக்கு இல்லாததால் அவருடைய மற்ற ஓவியங்கள் பெரும்பாலும் வீட்டுச் சுவர்களிலேயே தங்கிவிட்டன. நண்பர்களுக்கு உதவிய பணக்காரர் என்றுதான் ரொம்ப நாள் அவரைச் சொல்லிவந்தார்கள். 1960களுக்குப் பிறகுதான் அவரை ஓவியராகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இந்தப் படத்தை இணையத்தில் பெரிய அளவில் பார்க்கலாம். பார்க்கும்போது முதலில் மனிதர்களை விட்டுவிடுங்கள். கதவிலிருந்து தொடங்கி, வெளிச்சம் போகும் வழியே தரையில் நம் பக்கம் இறங்கி வாருங்கள். எந்தப் பட்டையில் மினுங்குகிறது, எதில் அடங்குகிறது, எங்கே ஒரு சுருளின் முதுகில் ஏறுகிறது என்று பாருங்கள். அது நடுவில் இருப்பவரின் கையைத் தொட்டு, தோளுக்கு ஏறி, முதுகில் வழிந்து போகும். அப்புறம் இழைக்காத கரும்பட்டைகளை எண்ணிப் பாருங்கள். இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. புட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தம்ளர் காத்திருக்கிறது.